விமானி ஹர்தித் சிங் மாலிக்கின் சாட்சியம்

வீரம் என்னும் குணத்தைப் பற்றிப் பேசும்பொழுது நம்மவர் இரண்டு தவறான வழிகளில் ஏதேனும் ஒன்றில் செல்வது வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார், எவன் எந்தக் கொடியின் கீழ் நின்று யாருக்காகப் போர் புரிந்தான் என்று கேளாமலே, போர் புரிந்தவனையெல்லாம் போற்றுவார்கள். மற்றொரு சாரார், அந்நிய ஆட்சியின் சேனையில் உடுப்பணிந்தவன் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு, அவனுடைய துணிவையும் திறமையையும் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இவ்விரண்டும் சாட்சியை விசாரியாமல் எழுதப்பட்ட தீர்ப்புகள் என்பது நமது அபிப்பிராயம். முதல் உலக மகாயுத்தத்தில் ஆகாயத்தில் போர் புரிந்து, பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் ஸ்தானாதிபதியாக விளங்கிய ஸர்தார் ஹர்தித் சிங் மாலிக்கின் வாழ்க்கையை இன்று நாம் எடுத்துக்கொள்வது இதன் பொருட்டே. அவர் எழுதி வைத்த நினைவுகள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் நூலாக வெளிவந்தன. அவை ஒரு போர் விமானியின் நேர் சாட்சியம். ஆதலின் அவரையே சாட்சிக் கூண்டில் நிறுத்தி விசாரிப்போம்.

மாலிக் 1894-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி ராவல்பிண்டியில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்காம் பிராயத்தில் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றார். ஈஸ்ட்போர்னில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, 1912-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பல்லியோல் கலாசாலையில் சரித்திரம் பயிலச் சேர்ந்தார். கிரிக்கெட்டில் ஸஸெக்ஸ் ஜில்லாவுக்காக ஆடும் அளவுக்குத் தேர்ந்தார். கோல்ஃப் ஆட்டத்திலும் பெயர் பெற்றார். தலைப்பாகையையும் தாடியையும் விடாமலே ஆங்கிலேய மாணாக்கருடன் சரிநிகராகப் பழகினார். ஆட்டக்களத்திலும் வகுப்பறையிலும் அவருக்கு எவ்விதத் தடையும் இருந்ததாகத் தெரியவில்லை. தடை எங்கே இருந்தது என்பதை 1914-ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் மூண்டவுடன் அவருடன் படித்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேனையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். மாலிக்கும் விண்ணப்பித்தார். அவருக்குக் கிடைத்தது நிராகரிப்பு. இந்தியச் சிப்பாய்களுக்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது விடை. இதை நம் வாசகர்கள் அக்காலத்து ஏற்பாட்டுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த யுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். 70,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1914-ன் இறுதியில் ஈப்ர் நகரைக் காக்க இந்தியச் சிப்பாய்கள் கடுங்குளிரில் பதுங்கு குழிகளில் நின்றார்கள். ஆயினும் இந்தியன் ஒருவன் எத்தனை ஆண்டுகள் உழைத்துச் சுபேதார் மேஜர் பதவியை அடைந்தாலும், நேற்று வந்த ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவனாகவே இருக்க வேண்டும். மன்னரின் கமிஷன் எனப்படும் அதிகாரி உத்தியோகம் அவனுக்கு எட்டாத கனி. உயிரைக் கொடுக்கும் உரிமை அவனுக்கு உண்டு; கட்டளையிடும் உரிமை இல்லை.

மாலிக் சும்மா இருந்துவிடவில்லை. படிப்பை முடித்தபின், 1916-ல் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, காயம் பட்டவர்களை ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டியை ஓட்டினார். பிரான்ஸில் இருந்தபொழுது, விமானப் படையில் சேர முடியுமா என்று பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டார். அவர்கள் தடை சொல்லவில்லை. அவர் இச்செய்தியை ஆக்ஸ்போர்டில் தமது ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸிஸ் அர்க்கார்ட்டுக்கு எழுதினார். அர்க்கார்ட், பிரிட்டிஷ் விமானப் படையின் தலைமையில் இருந்த ஸர் டேவிட் ஹெண்டர்ஸனுக்குக் கடிதம் எழுதி, பிரிட்டிஷ் பிரஜை ஒருவனைப் பிரெஞ்சுக்காரர் ஏற்றுக்கொள்ள, பிரிட்டிஷார் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே கதவு திறந்தது. 1917 ஏப்ரலில் மாலிக் ராயல் ஃபிளையிங் கோர் என்னும் அப்படையில் அதிகாரியாகச் சேர்க்கப்பட்டார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 1914-க்கும் 1917-க்கும் இடையில் மாலிக்கின் கண்பார்வை மாறிவிடவில்லை, கைத்திறன் கூடிவிடவில்லை, அவருடைய குலமும் நிறமும் மாறவில்லை. மாறியது மறுப்பவர்களின் நிலைமை. மறுத்தால் வெட்கப்பட வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டபொழுது மறுப்பு மறைந்தது. திறமை போதாது என்று சொல்லி உரிமையை மறுப்போர் எத்தேசத்திலும் எக்காலத்திலும் உண்டு. அவர்களிடம் மாலிக்கின் விண்ணப்பக் கதையைச் சொன்னால் போதும்.

பயிற்சிக் காலத்திலும் சோதனை ஒன்று வந்தது. படையின் உடுப்பில் சேர்ந்த தொப்பியை அணிய வேண்டும் என்றார்கள். மாலிக் தலைப்பாகையைக் கழற்ற மறுத்து உறுதியாக நின்றார். முடிவில் படை விட்டுக்கொடுத்தது. பறக்கும்பொழுது தலைப்பாகையின் மேல் அணிந்துகொள்ளும்படி, வழக்கத்தைவிடப் பெரிதான தோல் கவசம் ஒன்றைத் தனியாகச் செய்வித்துக்கொண்டார். தோழர்கள் அதைக் கண்டு வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

அவருக்குக் கிடைத்த விமானம் ஸாப்வித் காமெல் என்பது. ஒற்றை ஆள் ஏறும் அந்த விமானம் மரச்சட்டத்தில் துணி போர்த்திச் செய்யப்பட்டது. மூக்கின் மேல் இரண்டு யந்திரத் துப்பாக்கிகள் இருக்கும். சுழலும் விசிறியின் இறக்கைகளில் படாமல் அவற்றின் இடைவெளியில் குண்டு பாயும்படி, எஞ்சினோடு இணைத்த பொறி ஒன்று துப்பாக்கியை அடக்கியும் விடுத்தும் இயக்கும். எஞ்சின் முழுவதுமே விசிறியுடன் சேர்ந்து சுழல்வதால், விமானம் ஒரு பக்கம் மிக விரைவாகத் திரும்பும். மறுபக்கம் அவ்வளவு இணங்காது. பழகாதவனைத் தரையில் மோதிக் கொன்றுவிடும். பழகியவனுக்கு அதைப் போன்ற துணை கிடையாது. பெட்ரோல் தொட்டியோ ஓட்டுகிறவனை அடுத்தே இருந்தது. தீப்பற்றினால் குதித்துத் தப்பப் பாராசூட்டும் அக்காலத்து பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை. இத்தகைய கூட்டில் அமர்ந்து, திறந்த வெளியில், குளிர் காற்று முகத்தில் அறைய, இளைஞர்கள் தினந்தோறும் யமனைத் தேடிச் சென்றார்கள்.

மாலிக் சேர்ந்த 28-ஆவது விமானப் பிரிவு 1917 அக்டோபரில் போர்முனைக்குச் சென்றது. அவருடைய குழுவின் தலைவர் வில்லியம் பார்க்கர் என்ற கனடா தேசத்தவர். பார்க்கர் அஞ்சா நெஞ்சர். பின்னர், 1918 அக்டோபர் 27-ஆம் தேதி தன்னந்தனியாகப் பல ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் படுகாயமுற்று விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர். நிறபேதம் பாராமல் தம் அருகில் பறக்க மாலிக்கைத் தெரிந்துகொண்டவர் அவர். அவரை மாலிக் தம் நினைவுகளில் அன்புடனேயே குறிப்பிடுகிறார்.

அக்டோபர் 26-ஆம் தேதி வந்தது. ஈப்ருக்குக் கிழக்கே பாஷெண்டேல் மேட்டைப் பிடிக்க அன்று காலையில் தரைப்படை புதிய தாக்குதலைத் தொடங்கியது. மழை, தாழ்ந்த மேகம், சேறு. பறப்பதற்கு ஏற்ற நாள் அல்லவென்பது பிரிவுத் தலைவரின் எண்ணம். பார்க்கரோ செல்லவேண்டும் என்று வற்புறுத்தி அனுமதி பெற்றார். மாலிக் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் வெகுதூரம் சென்றார். அங்கே ஜெர்மன் போர் விமானங்கள் பல அவர்கள் மேல் பாய்ந்தன. மேகத்தின் நடுவே ஒருவர் மற்றொருவரைக் காணாமல் சிதறிப் போனார்கள். தமக்கு எதிரே வந்த ஒரு விமானத்தை மாலிக் சுட்டு வீழ்த்தியதாக நினைவு கூர்கிறார். அடுத்த கணம் அவருடைய வலது காலில் குண்டு பாய்ந்தது. நான்கு ஜெர்மன் விமானங்கள் அவரைத் தொடர்ந்தன.

அதன் பின் நிகழ்ந்ததைப் போர் என்று சொல்வதற்கில்லை. வேட்டை என்றே சொல்லவேண்டும். ஏறக்குறைய நாற்பது மைல் தூரம் அவர்கள் விடாமல் துரத்திச் சுட்டார்கள். காயம் பட்ட காலுடன் மாலிக் மரங்களின் தலை தொடும் உயரத்துக்கு இறங்கி, வளைந்தும் நெளிந்தும் மேற்கு நோக்கி ஓட்டினார். எதிர்த்துத் திரும்பச் சக்தியில்லை, நின்றால் மரணம். போர்முனையைக் கடந்து தம் பக்கத்து மண்ணில் விமானம் வந்து விழுந்தது. அவர் நினைவிழந்தார். பிறகு அந்த விமானத்தைப் பரிசோதித்தவர்கள் அதில் 400-க்கு மேற்பட்ட குண்டுத் துளைகளை எண்ணினார்கள். காலில் பாய்ந்த குண்டுகளின் துணுக்குகள் அவருடைய ஆயுள் முழுதும் உடம்பிலேயே தங்கிவிட்டன.

பார்க்கர் அதே நேரத்தில் வேறிடத்தில் போர் புரிந்துகொண்டிருந்தார். இரண்டு ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அவர் கணக்கில் அன்று சேர்க்கப்பட்டது. பின்னர் மேகத்தில் வழி தவறித் தம் தளம் அல்லாத வேறோரிடத்தில் இறங்கினார். ஒரே பொழுதில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இருவருக்கும் அன்றைய போர் இரண்டு வெவ்வேறு போர்களாக இருந்தது. நீதிஸ்தலங்களில் சாட்சிகளை விசாரித்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வண்டி கவிழ்ந்ததைக் கண்ட இரு சாட்சிகள் இருவிதமாகச் சொன்னால், ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டுவது அனுபவமற்ற வக்கீலின் வேலை. நிமிஷத்துக்கு ஒரு மைலுக்கு மேல் விரைந்து செல்லும் விமானத்திலிருந்து, மேகத்தின் இடுக்கில், மரணத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தவன் தான் பார்த்த துண்டைத்தான் சொல்ல முடியும். விமானிகளின் வெற்றிக் கணக்குகள் இரு தரப்பிலும் மிகைப்பட்டுப் போனதற்கு இதுவே முக்கிய காரணம். மாலிக்கின் சாட்சியத்தில் நம்மைக் கவர்வது, தாம் வீழ்த்தியதைப் பெரிதாக்காமல், தாம் தப்பியதையே அவர் வியப்புடன் சொல்லும் முறை. நானூறு குண்டுகள் தம்மைச் சூழ்ந்து பாய்ந்தும் உயிர் போகவில்லையே, தம் வேளை இன்னும் வரவில்லை என்ற எண்ணமே அவர் மனத்தில் நிலைத்தது. தற்புகழ்ச்சியற்ற சாட்சியை நம்புவது நீதிக்கு ஒத்தது.

அவ்வேளை வந்தவர்களும் இருந்தார்கள். அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் போர் விமானிகளாகப் பறந்த இந்தியர் மிகச் சிலர். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரு வாரங்களுக்குள் பத்து வெற்றிகளைப் பெற்று, அம்மாதம் 22-ஆம் தேதி பத்தொன்பதாம் பிராயத்தில் போரில் மாண்டார். பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர் அதற்குச் சில வாரங்கள் முன்னர் மாண்டார். வங்காளத்தைச் சேர்ந்த ஸென் 1917 செப்டம்பரில் சுடப்பட்டு வீழ்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். மாலிக் பிழைத்ததனாலேயே நமக்கு அவர் வாய்மொழி கிடைத்தது.

காயம் ஆறியபின் மாலிக், இத்தாலிக்கு மாற்றப்பட்டிருந்த தம் பிரிவில் மீண்டும் சேர்ந்தார். அங்கே எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. காமெல் விமானத்தின் சுழலும் எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அது புகையாகவும் திவலையாகவும் ஓட்டுகிறவன் மேல் படியும். மாலிக்கின் உடம்புக்கு அது ஒவ்வவில்லை. எதிரியின் குண்டு தடுக்க முடியாதவரை ஆமணக்கெண்ணெய் தடுத்தது. ஆகவே வேறுவித எண்ணெயில் ஓடும் பிரிஸ்டல் ஃபைட்டர் என்ற இருவர் விமானத்துக்கு மாற்றப்பட்டார். முதலில் லண்டனைக் காக்கும் பணியில் பிகின் ஹில் தளத்திலும், பின்னர் பிரான்ஸில் 11-ஆவது பிரிவிலும் பணி புரிந்தார். 1918 நவம்பர் 11-ஆம் தேதி யுத்தம் முடிந்தது.

அது முடிந்து ஐந்து மாதங்களே கடந்திருந்தன. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. மறுநாள், அதே பஞ்சாபில், குஜ்ரன்வாலாவில் கிளர்ச்சியை அடக்குவதற்காக லாகூரிலிருந்து பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. அவை மக்கள் மேல் வெடிகுண்டு வீசின. யந்திரத் துப்பாக்கியால் சுட்டன. இதைச் சர்க்கார் நியமித்த ஹண்டர் கமிட்டியே விசாரித்துப் பதிவு செய்தது. மாலிக் எந்தப் படையில் சேர அத்தனை பாடுபட்டாரோ, எந்தப் படைக்காக நானூறு குண்டுகளுக்கு நடுவே பறந்தாரோ, அந்தப் படை அவர் பிறந்த மாகாணத்தின் கிராமத்தார் மேல் குண்டு போட்டது.

இங்கேதான் நம் வாசகர்களில் பலர் மனத்தில் எழும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மாலிக் அந்த யுத்தத்தில் சேர்ந்தது சரியா? அதற்குப் பின் இந்தியன் சிவில் சர்வீஸில் நுழைந்து பஞ்சாபில் உத்தியோகம் பார்த்தது சரியா? சத்தியாக்கிரகிகள் சிறைக்குச் சென்ற ஆண்டுகளில் அவர் சர்க்கார் உத்தியோகஸ்தராகவே இருந்தார். லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் நியூயார்க்கிலும் இந்திய வர்த்தகத்துக்கான அதிகாரியாகவும், 1944 முதல் பட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் பணியாற்றினார். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. தேசபக்தி என்ற தராசில் நிறுத்தால், தடியடி பட்டவனும் தூக்குமேடை ஏறியவனும் அவரைவிடக் கனமானவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் குற்றம் எங்கே சேரும் என்பதையும் பார்க்கவேண்டும். குஜ்ரன்வாலாவில் குண்டு போடும்படி மாலிக்கைக் கேட்டு யாரும் தீர்மானிக்கவில்லை. பாஷெண்டேலில் போர் தொடுக்கும்படி இந்திய மக்களைக் கேட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை. அடிமைத் தேசத்தின் தனிக் கேடு இதுவே. அதன் மக்களுக்கு வீரம் குறைவில்லை. அந்த வீரத்தை எங்கே, எதற்காகச் செலவிடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்நியன் கையில் இருக்கிறது. சிப்பாயின் துணிவு இன்று நண்பனைக் காக்கும். நாளை சொந்தச் சகோதரனின் மார்பில் பாயும். சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு வரி, சட்டம், சட்டசபை என்று எத்தனையோ பொருள் சொல்லலாம். மாலிக்கின் வாழ்க்கை அதற்கு மற்றொரு பொருளையும் காட்டுகிறது: நம் பிள்ளைகளின் உயிரையும் துணிவையும் செலவிடும் உரிமை நம்மிடமே இருத்தல்.

அவ்வுரிமை வந்தபின் அதே மனிதர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி தோன்றியது. அதற்கு முன்பே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியன் பறக்க மாட்டான் என்ற வாதத்தை மாலிக்கும் ராயும் பொய்யாக்கியிருந்தார்கள். 1947-ல் சுதந்திரம் வந்ததும் மாலிக் கனடாவுக்கு இந்தியாவின் முதல் ஹை கமிஷனராகச் சென்றார். அது அவருடைய பழைய தலைவர் பார்க்கர் பிறந்த தேசம். பார்க்கர் 1930-ல் விமான விபத்தில் மாண்டுவிட்டார். அதே தேசம்தான் 1914-ல் கோமகாதா மாரு கப்பலில் சென்ற 376 இந்தியர்களில் மிகப் பெரும்பாலோரை இறங்கவிடாமல் திருப்பியனுப்பியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1907-ல் இந்தியர்களிடமிருந்து பறித்த வாக்குரிமையை 1947-ல்தான் திருப்பிக் கொடுத்தது. திருப்பியனுப்பப்பட்டவர்களின் மாகாணத்தில் பிறந்த சீக்கியர் ஒருவர், தலைப்பாகையுடன், ஒரு சுதந்திர தேசத்தின் பிரதிநிதியாக அங்கே வரவேற்கப்பட்டார்.

1949 முதல் 1956 வரையில் அவர் பிரான்ஸில் இந்திய ஸ்தானாதிபதியாக இருந்தார். இளமையில் காயம் பட்டவர்களை வண்டியில் ஏற்றிச் சென்ற தேசம். தம்மை விமானப் படைக்கு ஏற்க முன்வந்து, அதனாலேயே மூடிய கதவைத் திறப்பித்த தேசம். 1951 பிப்ரவரி 2-ஆம் தேதி பாரிஸில் சந்திரநாகூர் நகரை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவரே. அவர் அங்கே பதவி வகித்த காலத்திலேயே, 1954 நவம்பர் 1-ஆம் தேதி, புதுச்சேரியும் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. தமிழ் மண்ணின் ஒரு பகுதி பேச்சுவார்த்தையின் மூலம் திரும்பிய சரித்திரத்தில் அந்தப் பழைய விமானிக்கும் ஓர் இடம் உண்டு. இரு தேசங்களும் இவ்விஷயத்தில் போரை நாடாமல் உடன்படிக்கையை நாடியது, போரின் முகத்தை அருகில் கண்டவர் மனத்துக்கு நிறைவளித்திருக்கும் என்று நாம் நம்புகிறோம்.

மாலிக் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி, தொண்ணூறு வயது நிரம்பியவராக மறைந்தார். 1917-ல் அவரைத் துரத்திய நான்கு விமானங்கள் நாற்பது மைலில் செய்ய முடியாததைக் காலம் அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே செய்தது. அவரைச் சாம்ராஜ்யத்தின் பதக்கமாக மார்பில் குத்திக்கொள்ளச் சிலர் விரும்பலாம். அதற்கு அவர் வாழ்க்கை இடம் கொடாது, ஏனெனில் சாம்ராஜ்யம் அவரை முதலில் தள்ளியது. அவரை நம் கணக்கிலிருந்து நீக்கிவிட வேறு சிலர் விரும்பலாம். அதற்கும் இடமில்லை, ஏனெனில் இந்தியனால் முடியாது என்ற பொய்யை அவர் தம் இரத்தத்தால் அழித்தார்.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. இன்றும் நம் நாட்டில், குலத்தையோ வறுமையையோ பாஷையையோ காரணம் காட்டி, திறமையுள்ள பிள்ளைகளின் முகத்தில் மூடப்படும் கதவுகள் உண்டு. அவற்றை மூடுவோர் அந்நியர் அல்லர், நம்மவரே. மாலிக்குக்காகக் கடிதம் எழுத ஓர் அர்க்கார்ட் இருந்தார். நம் கிராமத்துப் பிள்ளைக்காகக் கடிதம் எழுதப் போகிறவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.